கைடா, தானா?

எனக்குக் கோணல்மாணலாகத்தான் எழுத வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொம்பு போட வேண்டிய இடத்தில் கால் போட்டுவிடுவேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் கலந்து போகிறது. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் நிரவிப் படித்துக்கொள்ளுங்கள். பேச வராது என்பதால்தான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நின்று சொல்லச் சொல்லியிருந்தால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இந்நேரம் வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.

எழுதச் சொன்னது கலா. சின்னக் கோட்டை கேட்டில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண். போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மா, கோட்டையில பலகை வச்சிட்டாங்க, தெரியுமா? கட்டம் கட்டமா ஒரு படம் இருக்கு. போனைக் காட்டினா போதும், போனே எல்லா கதையும் சொல்லுது. இனிமே யாரையும் ஒண்ணும் கேக்க வேணாம்."

"யாரையும் கேக்க வேணாமா?"

"வேணாம்மா. நீங்க இருபத்திரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருந்தீங்களே, அந்தக் கேள்விக்கு வேலையே இல்ல. அதான், அது எப்படி இருந்துச்சின்னு எழுதிக் குடுங்க. ஆபீஸ் ரூம்ல ஒரு நோட்டு வைக்கிறோம். ஏழுமலை அண்ணன் முப்பது பக்கம் எழுதிட்டாரு."

எங்கள் கைடு ஏழுமலை முப்பது பக்கம் எழுதினார் என்று கேட்டதும் என் கை துறுதுறு என்றாகிவிட்டது. அந்த ஒரு சாயங்காலத்தை அவர் எப்படி எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற ரோட்டில், பெரிய கோட்டைக்கு முன்னாலேயே இடது கைப் பக்கம் திரும்பினால் எங்கள் கோட்டை. சின்ன மலை. பாதி மலையில் ஒரு நெற்களஞ்சியம், உச்சியில் கூரை போன ஒரு மகால், நடுவில் குளம், மீதியெல்லாம் விழுந்த சுவரும் குரங்கும். நான் முதலில் அங்கே படி பெருக்கினேன். ஐந்து வருடம் பெருக்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. பெருக்கினால் காற்று மறுபடி கொண்டு வந்து போடும், நான் மறுபடி பெருக்குவேன்.

அப்புறம் கேட்டில் இருந்தவர் வேலையை விட்டுவிட்டார். சூப்பர்வைசர் தனகோட்டி சார் என்னைக் கூப்பிட்டு, "பச்சையம்மா, நாளையிலேருந்து நீ ஸ்டூல்ல உக்காரு. வர்றவங்களை ஒண்ணே ஒண்ணு கேளு. கைடு வேணுமா, தானா பாத்துக்கிறீங்களா? அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவுதானாம்! வீட்டுக்கு வந்த சம்பந்தியிடமே தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் தெரியாதவள் நான். முதல் நாள் பத்து மணிக்குள் மூன்று தடவை ஸ்டூலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தனகோட்டி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்துச் சட்டைக் காலருக்குள் வைப்பார். பிறகு "சரி" என்பார். முதல் சரி, நீ சொன்னது கேட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது சரி, யோசிக்கிறேன் என்று அர்த்தம். மூன்றாவது சரி வந்தால் கதை முடிந்தது. மூன்றாவது சரி வாங்கிய ஒரு வாட்ச்மேன் அடுத்த நாள் முதல் குளத்தில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வாரம் ஆனதும் எனக்கு இரண்டு சரி கிடைத்தன. "நீ கேக்கறது யாருக்கும் காதுல விழலையாம். இன்னொரு தரம் முணுமுணுத்தேன்னு எனக்குத் தெரிஞ்சா மறுபடி தொடப்பந்தான்" என்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் திரும்பவும் துடைப்பம் பிடிக்க ஆசை இல்லை. வெட்கமாக இருந்தாலும் அந்த ஸ்டூல் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் கழிந்த காலம் போய், நான் ஒரு நாளைக்கு நூறு பேரைக் கேள்வி கேட்கிற வேலை! கலெக்டர் ஆபீஸ் ஆட்களும் என் முன்னால் நின்று, கைடா தானா என்று யோசித்துப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

முகத்தைப் பார்த்துக் கேட்கத்தான் முடியவில்லை. அதனால் காலைப் பார்த்துக் கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்குக் கால் படிக்க வந்துவிட்டது. குதிகால் உயர்ந்த செருப்பு என்றால் ஐம்பது படியில் திரும்பிவிடுவார்கள், கைடு வீண். நடந்தால் விளக்கு எரிகிற பிள்ளைச் செருப்பு வந்தால் கட்டாயம் கைடு வேண்டும், அந்தப் பிள்ளை கேட்கிற கேள்விக்கு அப்பா அம்மாவால் பதில் சொல்ல முடியாது. புது மெட்டி போட்ட காலும் பக்கத்தில் பளபளக்கும் ஷூவும் வந்தால் நான் கேட்பதே இல்லை. அவர்களுக்கு எந்த ராஜா கட்டினான் என்பதா கவலை? தோல் செருப்பு தேய்ந்து, கையில் நோட்டும் இருந்தால் வாத்தியார். அவருக்குக் கைடு கொடுத்தால் ஏழுமலைக்கும் அவருக்கும் முதல் வாசலிலேயே சண்டை வந்துவிடும்.

எங்கள் பேச்சில் கைடோடு போகிறவர்கள் பெயர் கைடு, தானாகப் பார்க்கிறவர்கள் பெயர் தானா. "இன்னிக்கு பதினாலு கைடு, இருவது தானா" என்போம்.

தானாவுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு குச்சி. குரங்கை விரட்ட. குச்சியின் தலையில் சிவப்புப் பெயிண்டில் நம்பர். இறங்கி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்தரைக்கு கேட்டைப் பூட்டுவதற்கு முன் நான் குச்சிகளை நம்பர் வரிசையில் சுவரில் சாய்த்து வைப்பேன். எல்லாக் குச்சியும் வந்தால் எல்லா ஆளும் வந்தாயிற்று. ஒரு குச்சி குறைந்தால் ஒரு ஆள் மேலே இருக்கிறார். இது நானே கண்டுபிடித்த முறை. கைடு ஆட்களுக்குக் குச்சி கிடையாது. அவர்கள் ஏழுமலை பொறுப்பு. ஏழுமலைக்குக் குச்சியே வேண்டாம், அவர் வாயே ஒன்பது குச்சிக்குச் சமம்.

இனி அந்தச் சாயங்காலம். ஒரு சனிக்கிழமை. நல்ல கூட்டம்.

மத்தியானம் டயர் செருப்பு போட்ட இரண்டு கால்கள் வந்து நின்றன. கணுக்கால் வரை செம்மண். வலது கட்டைவிரல் நகம் கருப்பு. மாடோ கலப்பையோ ஏறியிருக்கும். நான் அந்தக் கட்டைவிரலைப் பார்த்து, "கைடு வேணுங்களா?" என்றேன்.

"இன்னா, கவுறா?"

"கைடுங்க."

"கவுறு எதுக்கும்மா எனக்கு? மலையில மாடா கட்டப் போறேன்? ஒரு குச்சி இருந்தா குடு, போதும்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் நின்றவர்களும் சிரிக்கிறார்கள். வெட்கம் வேறு. பதினேழாம் நம்பர் குச்சியை நீட்டிவிட்டு, "இறங்கினதும் குடுத்துடுங்க" என்று என் மடியைப் பார்த்துச் சொன்னேன். அது என் காதிலேயே விழவில்லை.

ஐந்தே காலுக்கு வரிசை வைத்தேன். பதினாறு இருக்கிறது. பதினெட்டு இருக்கிறது. நடுவில் சுவர்தான் இருக்கிறது.

தனகோட்டி சார் ஐந்து மணிக்கே விழுப்புரம் பஸ் ஏறிவிட்டார். டீக்கடை போனிலிருந்து அவர் செல்லுக்குப் போட்டேன். எனக்கு போனில் பேசுவது நேரில் பேசுவதைவிடக் கஷ்டம். போனுக்குக் கால் கிடையாது.

"சார், நான் பச்சையம்மாங்க. ஒருத்தர்... தானாப் போயிட்டாருங்க."

"போயிட்டாரா? ஐயையோ! எங்க விழுந்தாரு?"

"விழலீங்க சார். தானாத்தான் போனாரு."

"விழாம எப்படிம்மா, உசிரு தானாவா போவும்? ஆளுக்கு இன்னா வயசு?"

"தெரியலீங்க. நான் காலை மட்டும்தான் பாத்தேன்."

"காலு மட்டும்தான் இருந்துச்சா!"

போன் நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார். கால் மணி நேரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நின்றது. மேலே கரும்பைப் பிடித்துக்கொண்டு சார். இறங்கியதும் கேட்ட முதல் வார்த்தை, "போலீஸுக்குச் சொல்லிட்டியா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். குச்சி, பதினேழு, தானா. சார் கைக்குட்டையை எடுத்தார். நாலாக மடித்தார். சட்டையெல்லாம் கரும்புத் தூசி.

"சரி" என்றார். "ஆளு எப்படி இருப்பாரு?"

"வலது கட்டைவெரல் நகம் கருப்புங்க."

"மூஞ்சி?"

"பாக்கலீங்க."

"குச்சியைத் திருப்பித் தரணும்னு அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க."

"அவரு காதுல விழுந்துச்சா?"

நான் சாரின் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டாவது சரி சொன்னார்.

அப்போது ஏழுமலை கேட்டுக்கு வந்தார். தோளில் துண்டு, வாயில் வெற்றிலை, வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். காலையிலிருந்து நாலு கூட்டத்துக்குக் கதை சொல்லி அவர் குரல் தேய்ந்து காற்றாகிவிட்டிருந்தது. இருந்தாலும் விடுவாரா?

"பச்சக்கா, உன் குச்சியை கொரங்கு தூக்கினு போயிருக்கும். அதுக்குப் போயி சாரை கரும்பு வண்டியில ஏத்தி பேஜாரு பண்ணிட்டியே. எங்கிட்ட பாரு, குச்சியும் இல்ல, நம்பரும் இல்ல. கூட்டினு போன ஆளை கூட்டினு வந்துட்டேன். கைடுன்னா கைடுதான்."

சார் அவர் பக்கம் திரும்பி, "நீயும் மேல வா. ஜல்தி. வெளிச்சம் போறதுக்குள்ள" என்றார்.

மூன்று பேரும் ஏறினோம். என் மனதில் இரண்டு பயம் மாறி மாறி வந்தது. அந்தக் கருப்பு நகக்காரர் எங்கேயாவது குளத்துப் படியில் வழுக்கியிருந்தால்? அது ஒன்று. அவர் நன்றாக இருந்து, நான் முணுமுணுத்ததால்தான் இவ்வளவும் என்றால், நாளைக்குத் துடைப்பம். இது இரண்டாவது. முதல் பயம்தான் பெரியது என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். ஆனால் படி ஏறும்போது இரண்டும் ஒரே உயரம்தான் இருந்தன.

நெற்களஞ்சியம் வந்ததும் சாருக்கு மூச்சு வாங்கியது. கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கூப்பிடு" என்று ஏழுமலைக்குக் கை காட்டினார். ஏழுமலை வாயைத் திறந்தார். பஞ்சர் ஒட்டுகிற கடையில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

சார் என்னைப் பார்த்தார். "பச்சையம்மா, நீ கூப்பிடு."

"நானா சார்?"

"உன் குச்சிதானே?"

களஞ்சியத்து வாசலில் நின்றேன். உள்ளே வளைந்த கூரை, இருட்டு, வௌவால் நாற்றம். ஐந்து வருடம் நான் பெருக்கிய இடம். உள்ளே ஒரு வார்த்தை சொன்னால் ஏழு தரம் திரும்பி வரும் என்று ஏழுமலை எல்லோரிடமும் சொல்வார். நான் ஒரு தரமும் சொல்லிப் பார்த்ததில்லை. ஒரு தரம் பேசவே கூச்சப்படுகிறவள் ஏழு தரம் பேசுவேனா?

கண்ணை மூடிக்கொண்டு, "ஐயா!" என்று கத்தினேன்.

ஐயா ஐயா ஐயா என்று மலையே என் குரலில் கத்தியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சத்தம் எனக்குள் எங்கே இருந்தது? அது அடங்குவதற்குள் உள்ளேயிருந்து ஒரு பதில் வந்தது.

"ஐயா இங்க இல்லம்மா! அம்மாதான் இருக்கேன்!"

அம்மாதான் அம்மாதான் அம்மாதான் என்று அதுவும் திரும்பி வந்தது. தனகோட்டி சார் கல்லைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

உள்ளே ஓடினோம். குளிர்ந்த கல் மேடையில், செருப்பைத் தலைக்கு வைத்து ஒரு வயதான அம்மா படுத்திருந்தார். எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். முகம் எனக்குத் தெரியாது. குதிகாலைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது. மருதாணி போட்ட குதிகால். கோட்டக்குப்பத்திலிருந்து இரண்டு வேனில் வந்த குடும்பம். மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார், எல்லோரையும் கூட்டிக்கொண்டு சுற்றிக்காட்ட வந்தார். மத்தியானம் அந்தக் கால் உள்ளே போனதைப் பார்த்தேன். வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. கைடுதானே, நம் பொறுப்பில்லை என்று விட்டிருந்தேன்.

அந்த அம்மாவின் பெயர் மைமூன். ஏழுமலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, நீங்கதானே கைடு? இந்த ரூம்ல ராஜா எத்தினி மூட்டை நெல்லு வச்சிருந்தான்னு சொல்லிக்கினு இருந்தீங்களே. அது முடிஞ்சிதா?"

ஏழுமலை வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

"நீங்க சொல்லச் சொல்ல நல்லா தூக்கம் வந்துச்சு தம்பி. எங்க ஊட்ல கூட இப்படி தூங்கினதில்ல. எல்லாரும் எங்க?"

எல்லோரும் திண்டிவனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் மைமூன் அம்மாவும் கைகோத்துப் படி இறங்கினோம். கேட்டுக்கு வந்ததும் அவரை என் ஸ்டூலில் உட்கார வைத்து, என் டிபன் டப்பாவில் மிச்சமிருந்த வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, கொடுத்தேன். சார் ரிஜிஸ்தரில் மகன் எழுதியிருந்த நம்பருக்கு போன் போட்டார்.

"சார், உங்க அம்மா எங்க இருக்காங்க?"

"அம்மாவா? பின்னாடி வேன்ல வர்றாங்க சார். ஏன்?"

"பின்னாடி வேனை கேளுங்க."

அப்புறம் போனுக்குள் ஒரே கூச்சல். பின்னாடி வேன்காரர்கள் அம்மா முன்னாடி வேனில் இருக்கிறார் என்று இருந்திருக்கிறார்கள். "யா அல்லா! அம்மா எங்க சார்?" என்று அந்த மகன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அம்மா எங்க ஸ்டூல்ல உக்காந்து மல்லாட்டை உரிச்சிக்கினு இருக்காங்க. மெதுவா வாங்க" என்றார் சார்.

மைமூன் அம்மா எட்டிப் பார்த்து, "அவன்கிட்ட வர்ற வழியில டீ வாங்கியாரச் சொல்லுங்க. இந்தப் பொண்ணுக்கும் சேத்து" என்றார். அந்தப் பொண்ணு நான்தான். அப்போதே எனக்கு நாற்பத்தைந்துக்கு மேல்.

சாருக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. பதினேழு இன்னும் வரவில்லையே? மறுபடி கைக்குட்டையை மடித்தார். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். சுவரில் சாய்த்து வைத்திருந்த குச்சிகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் குச்சி இங்கத்துதா?" என்றார்.

"ஏன்?"

"நாலு மணி ட்ரிப்புல ஒரு பெரியவரு அனந்தபுரம் போறதுக்கு ஏறினாரு. கையில பதினேழுன்னு போட்ட குச்சி. இதுக்கும் டிக்கெட் வாங்கணும் தாத்தான்னேன். அதுக்கு அவரு, கேட்டுல ஒரு பொண்ணு எனக்கு குடுத்த குச்சி, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசாது, தங்கமான பொண்ணுன்னாரு."

ஏழுமலை அந்த அவமானத்திலும் சிரித்துவிட்டார். மைமூன் அம்மா சிரித்துப் புரையேறி, நான் அவர் தலையில் தட்டினேன். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வர. சார் ஒருவர்தான் சிரிக்கவில்லை. எல்லாக் குச்சியையும் ஒரு தரம் பார்த்தார். மைமூன் அம்மாவைப் பார்த்தார். பூட்ட வேண்டிய கேட்டைப் பார்த்தார். அந்தப் பெரியவர் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் ஐந்தரைக்கு நான் மைமூன் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தது அதைத்தான் என்று எனக்குப் புரிந்தது.

"பச்சையம்மா" என்றார்.

நான் மூன்றாவது சரிக்குக் காத்திருந்தேன்.

அவர் கைக்குட்டையை விரித்தார். முகத்தைத் துடைத்தார். "நாளையிலேருந்து கைடுக்கும் குச்சி குடு. கைடோ தானாவோ, ஆளுக்கு ஒண்ணு. மேல கத்தினியே, அதே சத்தத்துல கேட்டு வாங்கு" என்றார். பிறகு விழுப்புரம் பஸ்ஸுக்கு நடந்தார். அந்த மூன்றாவது சரியை அவர் ரிட்டயர் ஆகும் வரை எனக்குச் சொல்லவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை டயர் செருப்பு மறுபடி வந்தது. குச்சியின் அடியில் தேயாமலிருக்க ஒரு துண்டு ரப்பர் அடித்துக் கொண்டு வந்திருந்தார். கண்டக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். நான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, வாங்கி வைத்துக்கொண்டு, "கைடா, தானா?" என்று ரோடு வரை கேட்கிற மாதிரி கேட்டேன்.

அவர் ஒரு அடி பின்னால் போய்விட்டார். "அடியாத்தே! போன வாரம் இருந்த பொண்ணு இன்னிக்கு லீவா?" என்றார்.

கலா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கடைசியா ஒண்ணு எழுதுங்கம்மா. கைடு நல்லதா, தானா நல்லதா?" என்றாள். இத்தனை வருடம் மற்றவர்களைக் கேட்டவளை யாரும் அதுவரை கேட்டதில்லை. போன வாரம் அவளே என்னைக் கேட்டில் நிறுத்தி, சுற்றிப் பார்க்க வந்த ஆளைக் கேட்கிற மாதிரி கேட்டாள். பலகை பக்கத்தில் ஒரு போனையும் நீட்டினாள். நான் ஒரு குச்சி போதும் என்றேன். ஆபீஸ் ரூமில் ரப்பர் அடித்த அந்தக் குச்சி இன்னும் இருக்கிறது. ஊன்றிக்கொண்டு நெற்களஞ்சியம் வரை ஏறினேன். மூட்டு வலித்தது, மைமூன் அம்மா படுத்த கல்லில் கொஞ்சம் உட்கார்ந்தேன். யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, "பச்சையம்மா!" என்று என் பெயரையே கத்தினேன்.

ஏழுமலை முப்பது பக்கத்தில் ஏழு தரம் திரும்பும் என்றுதான் எழுதியிருப்பார். நான் எண்ணியது ஐந்துதான். ஆனால் மூன்றாவதிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பும் சேர்ந்து திரும்பி வர ஆரம்பித்தது, அதற்குமேல் எது பெயர் எது சிரிப்பு என்று எண்ண முடியவில்லை. படி நானூறா நானூற்றிருபதா என்பதும் எனக்குச் சந்தேகம். இதைப் படிக்கிறவர்கள் யாராவது ஏறினால் படியை எண்ணி, களஞ்சியத்துக்குள் நின்று ஒரு தரம் நன்றாகக் கத்திப் பார்த்து, எத்தனை என்று இந்த நோட்டிலேயே திருத்திவிடுங்கள். இறங்கும்போது குச்சியைக் கலாவிடம் கொடுத்துவிடுங்கள்.